பத்து விநாடிக்கு இருபத்துமூன்று

அப்பா நாற்பத்திரண்டாவது வயதில், வெங்காயத் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டு நின்றபோது நெஞ்சைப் பிடித்தபடி வரம்பில் சாய்ந்தவர். பிறகு எழும்பவில்லை. எனக்கு நாற்பது பிறந்ததும் அந்த வயது எனக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. இடப்பக்கம் சரிந்து படுக்கவே பயந்தேன்.

மனைவி ஆஸ்பத்திரியில் தாதி. "பயந்துகொண்டிருந்தால் நெஞ்சு பலக்காது. மெல்ல ஓடிப் பழகுங்கோ," என்றாள். "இடைக்கிடை நிண்டு நாடியைப் பிடிச்சு எண்ணுங்கோ. பத்து விநாடிக்கு இருபத்திமூண்டுக்கு மேலை போனால் நடவுங்கோ. இறங்கினாப் பிறகு ஓடலாம்."

"கூடினால் என்ன செய்யும்?"

"ஒண்டும் செய்யாது. நடவுங்கோ எண்டுதான் சொல்லுறன்."

சண்டையால் பற்றரி கிடைக்காத காலம். வார்டில் அவள் கட்டுகிற, சாவி கொடுக்கும் மணிக்கூட்டைக் காலையில் எனக்குத் தருவாள். வேலைக்குப் போகமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

முதல் கிழமைகளில் எங்கள் இணுவில் ஒழுங்கை முடிய முன்னரே இருபத்தெட்டு வந்துவிடும். கழுத்தில் விரலை வைத்தால் பயத்திலேயே அது இன்னும் ஏறும். நடப்பேன், எண்ணுவேன், திரும்ப ஓடுவேன். மூன்று மாதத்தில் அதே தூரத்தை இருபத்திரண்டோடு கடந்தேன். அந்தத் துணிவில் ஒரு நாள் பழக்கமில்லாத அடுத்த ஒழுங்கைக்குள் திரும்பினேன்.

கிணற்றடியில் ஒரு பெண், தன் இரண்டு பிள்ளைகளுக்கு முகம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வாளியை விட்டுவிட்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கர்க் குழிக்குள் பாய்ந்தாள். பின்னால் ஒரு பெரியவர் தடுமாறி ஓடினார். பொம்மர் விமானம் வருகிறது, என் மூச்சுச் சத்தத்தில் எனக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்தேன். படலையைத் தள்ளிக்கொண்டு நானும் அதற்குள் இறங்கினேன்.

உள்ளே காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம். வெளியில் ஒரு சத்தமுமில்லை.

"எங்கையண்ணை, பொம்மரோ?" என்று அந்தப் பெண் மெல்லக் கேட்டாள்.

"தெரியாது. நீங்கள் ஓடினதைக் கண்டுதான் நான் வந்தனான்."

"நீங்கள் ஓடி வந்ததைக் கண்டெல்லோ நாங்கள் ஓடினனாங்கள்."

நான் ஏன் ஓடினேன் என்று சொல்ல வாய் எடுத்தபோது பெரியவர் மண்மூட்டையில் சாய்ந்தார். கை நெஞ்சில் இருந்தது. முகமெல்லாம் வியர்வை.

"மாமா," என்றாள் அவள்.

அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். பத்து விநாடிக்கு முப்பத்தொன்று. இடையிடையே ஒரு துடிப்பு வராமல் போனது. ஒவ்வொரு முறை அது தவறும்போதும், இனி வராது என்றே நினைத்தேன். வெங்காயத் தோட்டத்து வரம்பு கண்ணுக்குள் வந்தது. இந்த மனிதரை ஓடிக் கொன்றுவிட்டேன்.

அவளுடைய சைக்கிள் கரியரில் அவரை இருத்தினோம். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அவள் பின்னால் பிடித்துக்கொண்டு வர, நான் ஆஸ்பத்திரிக்கு உருட்டினேன். "தம்பி, கெதியாய் ஓடாதையும்," என்று வழியில் அவர் முனகினார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஏழு மணிக்கு வேலைக்கு வந்த மனைவி, வார்டு வாசலில் என்னைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். பெரியவரைப் பற்றிச் சொன்னேன். அவள் மணிக்கூட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கனநேரம் கழித்து வந்து, "நாடி ஒழுங்கில்லாமல்தான் கிடக்கு. முந்தியே இருந்த வருத்தமாம். இப்ப தணிஞ்சிட்டுது," என்றாள்.

ஐந்தாம் நாள் அவரை வீட்டுக்கு விட்டார்கள்.

அதன்பிறகு பள்ளிக்கூட மைதானத்தில்தான் ஓடினேன். ஒருமுறை அவரைப் பார்க்க அந்த ஒழுங்கைக்குப் போனேன், நடந்துதான். பெரியவர் கதிரையில் இருந்தபடி சிரித்தார், இருக்கச் சொன்னார். அந்தப் பெண் தேத்தண்ணி தந்துவிட்டு முற்றத்தில் போய் நின்றாள். நான் விடைபெறும்வரை அவள் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.