நூற்று முப்பத்தாறு கவர்கள்

என் அத்தை இமயமலைக்குப் புறப்பட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை என்று அப்பா இன்றும் சாதிப்பார். நான் ஆறாவது படித்த ஆண்டில் காலாண்டுத் தேர்வு ஒரு திங்களன்று சமூக அறிவியலோடு முடிந்தது. மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது வாசலில் அத்தையின் முதுகுப்பை என் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. ஆகவே செவ்வாய்தான்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அன்னவாசலுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டின் மாடியறை அவருடையது. அரசு விதை ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை. ஒரு மழை தவறினாலும் காய்க்கிற தட்டைப்பயறு ரகம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். ஊருக்கு அவரைத் தெரிந்தது வேறு வகையில். மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போவார். மாதம் ஒருமுறை கயிறும் கொக்கியுமாகக் கிளம்பிப்போய் குளத்தூர்ப் பக்கம் பாறைக் குன்றுகளில் ஏறுவார். ஞாயிறு காலைகளில் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குக் கிணற்றில் நீச்சல் சொல்லிக்கொடுப்பார். இடுப்பில் காலி எண்ணெய் கேனைக் கட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து பிள்ளைகள் மிதக்க, தாய்மார்கள் மேலே நின்று எட்டிப் பார்த்துப் பயந்துகொண்டிருப்பார்கள்.

“மலை ஏறுறதுக்கெல்லாமா கவர்மெண்டுல லீவு குடுக்குறாங்க?” என்று அம்மா கேட்டார்.

“எறங்குறதுக்கும் சேத்துத்தான் குடுத்திருக்காங்க மதினி” என்றார் அத்தை.

அவர் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு பெய்த மழையில் பண்ணையின் விதை அறை ஒழுகிவிட்டது. நனைந்த விதைக் கவர்களை அத்தை வீட்டுக்கு எடுத்து வந்து மாடியறையில் தரை முழுக்கப் பரப்பி, மின்விசிறியைச் சுழலவிட்டிருந்தார். பழுப்புக் காகிதக் கவர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடிக்கும் குறைவான பயறு. ஒவ்வொரு கவரும் தனியொரு செடியின் விதை என்பதும், அந்தச் செடியின் தாய் எது, பாட்டி எது என்பது கவரின் மேல் பென்சிலில் எழுதிய எண்ணில்தான் இருந்தது என்பதும், கவரை விட்டு வெளியே வந்தால் அது வெறும் குழம்புப் பயறு என்பதும் இப்போது எனக்குத் தெரியும். நான்கு ஆண்டு வேலை அந்தத் தரையில் காய்ந்துகொண்டிருந்தது.

“மருமகளே, எலி, எறும்பு வராமப் பாத்துக்க. மழை வந்தா ஜன்னலச் சாத்து. வேற ஒண்ணும் செய்ய வேணாம்” என்று சொல்லிவிட்டு அத்தை பஸ் ஏறினார்.

வேறொன்றும் செய்ய வேண்டாம் என்றதை நான் அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று நாள் காவல் காத்தேன். எலி வரவில்லை, எறும்பும் வரவில்லை. நான்காம் நாள் கவர்களை எண்ணினேன். நூற்று முப்பத்தாறு. எண்ணும்போதுதான் அவற்றின் மேல் எழுதியிருந்ததைப் படித்தேன். 17-4-2 என்று ஒரு கவர். 9-11-6 என்று இன்னொன்று. தேதிகள் என்று புரிந்தது. ஆனால் மூன்றாவது கவரில் 32-14-5 என்று இருந்தது. முப்பத்திரண்டாம் தேதியும் பதினான்காம் மாதமும் எந்தக் காலண்டரிலும் கிடையாது. அத்தை அவசரத்தில் கண்டபடி எழுதிவைத்திருக்கிறார் என்று எனக்கு இரக்கமாக இருந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளேயும் ஒழுங்கில்லை. வெள்ளைப் பயறு பல கவர்களில், சிவப்பு பல கவர்களில், புள்ளி போட்டது எங்கெங்கோ.

அன்றே தொடங்கினேன். ஒவ்வொரு கவராக முறத்தில் கொட்டி நிறம் பார்த்து, பருமன் பார்த்துப் பிரித்தேன். கழுவிக் காயவைத்த ஏழு ஊறுகாய் பாட்டில்கள் நிறைந்தன. “வெள்ளை, பெரியது”, “வெள்ளை, சிறியது”, “சிவப்பு” என்று தொடங்கி ஏழுக்கும் சீட்டு எழுதி, சரியான தேதி போட்டு ஒட்டினேன். காலிக் கவர்களை வெந்நீர் அடுப்பில் போட்டேன். “பிள்ள நாலு நாளா சத்தமே இல்லாம இருக்கா” என்று அம்மா பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொன்னார்.

அத்தை ஒரு சனிக்கிழமை திரும்பி வந்தார். பனி வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. நான் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். பாட்டில்களைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

“கவரெல்லாம் எங்க மருமகளே?”

“அடுப்புல போட்டுட்டேன் அத்தை. ஒரு குப்பை கெடையாது.”

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். செம்பு முழுக்கக் குடித்தார்.

“எத்தன நாளாச்சு இதப் பிரிக்க?”

“நாலு நாளு.”

“எனக்கு நாலு வருசம் ஆச்சு” என்றார்.

என் வேகத்தை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறாரே என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது.

மறுநாள் நீச்சல் வகுப்பு வழக்கம்போல நடந்தது. பிள்ளைகள் மேலே ஏறிய பிறகு அத்தை மோட்டார் அறைக் கூரையிலிருந்து கிணற்றுக்குள் குதித்தார். குதித்தவர் மேலே வரவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டில் தலை தெரிந்தது.

“அம்பத்திரண்டு அத்தை” என்று மேலிருந்து கத்தினேன்.

“பத்தல” என்றார் அத்தை.

இமயமலையிலிருந்து ஏதோ சாதனைப் போட்டி யோசனையோடு வந்திருக்கிறார் என்று எண்ணினேன்.

திங்கட்கிழமை பண்ணைக்குப் பாட்டில்களை நானே கொண்டுவருவேன் என்று அடம்பிடித்தேன். பள்ளி திறக்க இன்னும் ஒரு நாள் இருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். அத்தை என்னை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் பையோடு அதிகாரியின் அறைக்குள் போனார். கதவு திறந்தே இருந்தது.

“என்னம்மா இது, ஊறுகாயா?”

“நம்ம பயறு சார். எல்லாம் கலந்துபோச்சு. கவர் ஒண்ணும் இல்ல.”

உள்ளே ஒரு பாட்டிலின் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

“யாரு கலந்தது?”

“என் கவனக்குறைவுதான் சார். வீட்ல வச்சுட்டு ஊருக்குப் போனது என் தப்பு.”

“அடுத்த மாசம் கமிட்டி வருது. என்னத்தக் காட்டப் போறீங்க?”

“காட்ட ஒண்ணும் இல்ல சார். இந்த ஏழையும் ஏழு பாத்தியா வெதைக்கிறேன். தண்ணி காட்டாம விட்டு, எது நிக்குதோ அதுலேர்ந்து மறுபடி ஆரம்பிக்கிறேன்.”

“முதல்லேர்ந்தா?”

“முதல்லேர்ந்துதான் சார்.”

அதிகாரி மேலும் கொஞ்ச நேரம் பேசினார். மலையேறப் போகிறவர்களைப் பற்றியும் ஏதோ சொன்னார். அத்தை எல்லாவற்றுக்கும் ‘ஆமா சார்’ என்றார். வெளியே இருந்த எனக்கு இரண்டு வருத்தங்கள். நான்கு நாள் உழைத்த என் பெயரை அத்தை ஒரு முறைகூடச் சொல்லவில்லை என்பது ஒன்று. இவ்வளவு பெரிய ஆள், கொஞ்சம் கவனமாக இருந்திருந்தால் இந்தத் திட்டை வாங்கியிருக்க வேண்டாமே என்பது மற்றொன்று.

திரும்பி வரும்போது அத்தை வண்டியை மெதுவாகவே ஓட்டினார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஊர் எல்லைக்குச் சற்று முன்னால், அவர் காதருகே எக்கிச் சொன்னேன்:

“கவலப்படாதீங்க அத்தை. அடுத்த வாட்டி நீங்க ஊருக்குப் போறப்ப ஆபீஸ்ல இருக்கிற மிச்சக் கவரையும் வீட்டுக்கு எடுத்தாந்து வச்சுட்டுப் போங்க. எல்லாத்தையும் நானே அடுக்கித் தாரேன்.”

வண்டி ஒருமுறை ஆடியது. அத்தை அதை ஓரங்கட்டி நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றி டாங்கின் மேல் வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். எதிரே ஆடு ஓட்டி வந்தவர் நின்று பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் சிரித்தார்.

ஒருவருக்கு உதவி செய்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் மனம் எவ்வளவு குளிர்ந்துபோகும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டதாக நினைத்துக்கொண்டேன்.