அந்த வாசலில் யாரும் இல்லையாம்

இரண்டு வருஷத்துக்கு முன்பு, மாசி மாதக் கடைசியில், நாகலாபுரத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு கரிசல்காட்டு ஊரில் நடந்தது இது. ஊர்ப்பெயர் வேண்டாம். இதில் வருகிறவர்கள் எல்லோரும் இன்னும் அங்கேயேதான் இருக்கிறார்கள்.

நான் கோவில்பட்டிக்காரி. கால்நடைகளுக்குத் தடுப்பூசி போடும் வேலை. அப்போது ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊர் ஊராகப் போய் ஊசி போட்டுக்கொண்டிருந்தோம். அந்த ஊர் என் பங்குக்கு வந்தது. முன்பின் போனதில்லை.

ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். உளுந்தும் மக்காச்சோளமும் எடுத்து முடிந்து, காடு வெறுமையாகக் கிடந்தது. மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. சில வெடிப்புகளில் கையை விட்டால் முழங்கை வரை போகும். எங்கோ கரிமூட்டம் போட்ட புகை வாடை. ஊர் தொடக்கத்தில் ஒரு சின்ன சர்ச். அதை ஒட்டினாற்போல் ஓர் ஓட்டு வீடு. வாசலில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் பழைய தழும்பு.

"ஊசி போட வந்திருக்கியளா? வாங்க, வாங்க" என்று அவர் வரவேற்ற விதத்தில், ரொம்ப நாள் கழித்து ஊருக்கு வந்த மகள் மாதிரி எனக்கே ஒரு கூச்சம் வந்துவிட்டது. வீட்டில் இரண்டு ஆடுகள்தான் இருந்தன. மற்றவை மேய்ச்சலுக்குப் போயிருந்தன. "அடுத்த வாரம் காலையிலேயே வந்துட்டா எல்லாத்துக்கும் போட்டுறலாம்" என்றார். ஊசி போட்டு முடித்ததும் சொம்பில் தண்ணீர் தந்தார். நான் குடித்து முடிக்கும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர் வீட்டுக்குப் போனேன். கொஞ்சம் வசதியான காரை வீடு. வீட்டுக்காரப் பெண்மணி மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். பேச்சோடு பேச்சாக, "எதிர்வீட்டம்மா ஆட்டை எல்லாம் சுத்தமா வச்சிருக்காங்க" என்றேன்.

கிள்ளிக்கொண்டிருந்த கை நின்றது.

"எந்த வீட்ல?"

"இதோ, எதுத்தாப்புல."

"அது அடச்ச வீடுல்லா. அங்கன யாரும் இல்லையே."

நான் திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா வெயிலில், தன் வாசலில், எங்களைப் பார்த்தபடிதான் நின்றார். நான் கையை நீட்டி, "அந்தா நிக்கிறாங்களே" என்றேன். இந்தப் பெண்மணியும் நிமிர்ந்து நேராக அந்த வாசலைப் பார்த்தார். பார்வை கொஞ்சம்கூட எங்கும் தடுக்கவில்லை. வெறும் சுவரைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டு, "வெயிலு உங்களுக்கு ஒத்துக்கிடல போல. மோர் தரட்டுமா?" என்றார்.

விளையாட்டு என்று நினைத்தேன். ஆனால் அடுத்த வீட்டிலும் அதையே சொன்னார்கள். அதற்கடுத்த வீட்டிலும். யாரும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி சிரிக்கவில்லை, கண்ணடிக்கவில்லை. "அங்கன யாரும் இல்லையே" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு ஆட்டைப் பிடிக்கப் போனார்கள்.

வேலையை முடித்துக் கிளம்பி, பஸ் நிறுத்தத்து நிழற்குடைக்குள் வண்டியை விட்டேன். சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். வெயிலில் வெளுத்து, ஓரம் பெயர்ந்து, பழையதாக இருந்தது. அதில் அந்த அம்மாவின் முகம். நெற்றித் தழும்போடு. கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று போட்டிருந்தது.

எட்டயபுரம் வரை எப்படி வண்டி ஓட்டினேன் என்று எனக்குத் தெரியாது. வயிற்றுக்குள் அந்தச் சொம்புத் தண்ணீர் கிடந்து குளிர்ந்துகொண்டே இருந்தது போலிருந்தது. அன்று எனக்குக் காய்ச்சல். என் மாமியார் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். என் கணவர் நம்பவில்லை. "அக்கா தங்கச்சியா இருக்கும்" என்றார். அப்படியே இருக்கட்டும் என்று நானும் நினைத்துக்கொண்டேன். ஆனால் தழும்பு?

மீதி ஆடுகளுக்குப் போட்டாக வேண்டும். வேறு யாரையாவது அனுப்பச் சொல்லலாம் என்றால், என்ன காரணம் சொல்வது? மறு வாரம் காலையிலேயே போனேன். ஊரே காலியாகக் கிடந்தது. எட்டயபுரத்தில் ஒரு கல்யாணமாம், வேன் பிடித்துப் போய்விட்டார்களாம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஆளில்லாத தெருவும், தன் வாசலில் நின்று என்னைக் கைகாட்டிக் கூப்பிட்ட அந்த அம்மாவும்தான்.

முதலில் அவர் காலைப் பார்த்தேன். தரையில்தான் பட்டுக்கொண்டிருந்தது. நிழலும் விழுந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், ஆனாலும் என் பயம் போகவில்லை. ஊசி மருந்தை உறிஞ்சும்போதும் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் சர்ச்சுக்குப் பின்னாலிருந்து கையில் கம்போடு ஒரு பெண் வந்தாள். பக்கத்து ஊர்க்காரி, ஆடு மேய்க்கிறவள். "யக்கா, ஆட்டப் பத்திட்டுப் போவட்டுமா?" என்று இந்த அம்மாவைப் பார்த்துக் கேட்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என்னைத் தவிர இன்னொருத்தி அவரைப் பார்க்கிறாள், அவரோடு பேசுகிறாள்! போஸ்டரைப் பார்த்ததை உளறிக்கொட்டினேன்.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆடு மேய்க்கிற பெண் சிரிக்கவில்லை. நான் ஊசி போட்டு முடித்து, அவள் ஆடுகளைப் பத்திக்கொண்டு போகும் வரை காத்திருந்து, பிறகு அந்த அம்மா சொன்னார்.

"அவ புருஷந்தான் செத்தது. ரோட்டோரமா ஆடு பத்திட்டுப் போனான். என் தம்பி மவன் லோடு வண்டிய எடுத்துட்டு கண்ணுமண்ணு தெரியாம வந்து ஏத்திட்டான். நான் வெறகு பொறக்கிட்டு நின்னேன். பாத்தது நான் ஒருத்திதான்."

எதிர்வீடு அவருடைய தம்பி வீடு. தம்பி வந்து காலில் விழுந்தாராம். பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அழுதாராம். ஊர்ப் பெரியவர்களும் வந்து கேட்டார்கள். நம்ம பிள்ளை, நம்ம சபைப் பிள்ளை என்று.

"அவன இடுப்புல தூக்கி வளத்தவ நான். தம்பியையும், அவன் மவனையும். ஆனா கோர்ட்டுல ஆண்டவர் பேரச் சொல்லி சத்தியம் பண்ணச் சொன்னாவ. அந்த வாயால பொய் சொல்ல நாக்கு திரும்பல. நடந்ததச் சொன்னேன். சாயந்தரம் பஸ்ஸ விட்டு எறங்குதேன், சுவத்துல நான் செத்துப் போயிருக்கேன்."

அன்றிலிருந்து அந்த ஊரில் அவர் இல்லை. கடையில் நின்றால் கடைக்காரர் அடுத்த ஆளைக் கேட்பார். குழாயடியில் அவர் குடம் இருந்தாலும், அது இல்லாத மாதிரி அதற்குப் பின்னால் வரிசை நிற்கும்.

"சர்ச்சுக்கு?"

"போவேன். போதகர் என்னையக் கைவிடல. எல்லாருக்கும் குடுக்குத அப்பம் எனக்கும் குடுப்பாவ. ஊருக்கும் சொல்லிப் பாத்தாவ, கேக்கல. நான் உக்காந்த பாயில மட்டும் யாரும் உக்கார மாட்டாவ. பாய் முழுசும் எனக்குத்தான், கால நீட்டிக்கிடலாம்."

எனக்குக் கோபம் வந்தது. "அந்த போஸ்டரைக் கிழிச்சுப் போட வேண்டியதுதானே?"

"கிழிக்க கோவம் வேணும்லா. அந்தக் கோவத்த வச்சுக்கிட்டு ஜெபத்துக்கு எப்படி உக்காருதது? தெனமும் அவிய பேரத்தான் மொதல்ல சொல்லுதேன்."

"தப்பே பண்ணாத உங்களுக்கு இப்படி நடக்குது. உங்க சாமி பாத்துக்கிட்டு சும்மா இருக்காரா?" என்று கேட்டேன். நான் இந்துக் குடும்பத்தில் பிறந்தவள். எனக்கு அப்படித்தான் கேட்கத் தோன்றியது.

"அவரையும் சிலுவைல அறைய ஊருக்கு வெளியதானம்மா கொண்டு போனாவ. கூட இருந்தவனே தெரியாதுன்னு சொன்னான்." பிறகு குரல் இறங்கிச் சொன்னார். "எனக்கு வருத்தம் இல்லன்னு நெனைக்காதிய. சில நாளு கண்ணாடில போயிப் பாத்துக்கிடுவேன், இருக்கேனான்னு."

பேய் என்று பயந்தபோதுகூட எனக்கு அப்படிச் சில்லிட்டதில்லை.

அப்போதுதான் எதிர்வீட்டிலிருந்து ஓர் ஆடு அலறும் சத்தம். அந்த வீட்டுப் பெண்மணி வாசலுக்கு ஓடிவந்து, "டாக்டரம்மா! குட்டி மாட்டிக்கிட்டு, சீக்கிரம் வாங்க!" என்று கத்தினார். ஆடு ஈனுகிற நேரம் என்பதால் அவர் மட்டும் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்திருக்கிறார். ஓடினேன். குட்டியின் தலையும் ஒரு காலும் தெரிந்தன, இன்னொரு கால் உள்ளே மடங்கியிருந்தது. ஆடு துள்ளியது. ஒருத்தர் பிடித்து நிற்கிற ஆடு இல்லை.

"இன்னும் ஒரு ஆள் வேணும்" என்றேன்.

"யாரும் இல்லையே டாக்டரம்மா, எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிட்டாவளே" என்று அவர் அழுதார். அவருக்குப் பின்னால் அந்த அம்மா வந்து நின்றுகொண்டிருந்தார். யாரும் கூப்பிடாமலேயே உட்கார்ந்து ஆட்டின் பின்னங்கால்களைச் சேர்த்துப் பிடித்தார்.

அந்த நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு என்னவோ செய்கிறது. ஓர் ஆட்டைச் சுற்றி மூன்று பெண்கள். அந்தப் பெண்மணியின் முழங்காலும் நாத்தனாரின் முழங்காலும் உரசிக்கொண்டிருந்தன. அந்தப் பெண்மணியோ என்னிடம் மட்டுமே பேசினார். "எண்ணெய் அந்த மூலைல இருக்கு டாக்டரம்மா" என்பார். அந்த அம்மா ஒரு கையால் எட்டி எடுக்க, எண்ணெய் என் கைக்கு வந்துவிடும். "துணி வேணுமே" என்பார். துணி வரும். எடுத்துக் கொடுத்த கையை அந்தப் பெண்மணி ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அந்த அம்மாவின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. "ஆண்டவரே, என் தம்பி வீட்டு ஜீவன்" என்று ஒருமுறை காதில் விழுந்தது.

மடங்கிய காலை நான் நேராக்கி இழுக்கும்போது ஆடு ஒரு உதை உதைத்தது. அந்தப் பெண்மணி தடுமாறி நாத்தனாரின் கையைப் பற்றிக்கொண்டார். பற்றிய கையைக் குட்டி வெளியே வந்து விழும் வரை எடுக்கவில்லை. பிறகு எழுந்து போய், குழாயைத் திறந்துவிட்டுக் கையைக் கழுவாமல் வெறுமனே நின்றார். தோள் குலுங்கியது. "என் பிள்ள ஜெயிலுக்குள்ள கெடக்கான் டாக்டரம்மா" என்றார், என்னைப் பார்க்காமல்.

வாசலில் பைக் வந்து நின்றது. தம்பி. மனைவி போன் பண்ணியிருக்கிறார், கல்யாண வேட்டியோடு வந்துவிட்டார். அந்த அம்மா அதற்குள் தெருவைத் தாண்டித் தன் வாசலுக்குப் போயிருந்தார்.

தம்பி குட்டியைப் பார்த்துவிட்டு, "ஒத்தையாளாவா எடுத்திய?" என்று என்னிடம் கேட்டார்.

மனைவி முந்திக்கொண்டு, "ஆமா, டாக்டரம்மா ஒத்தையாத்தான்" என்றார். அவர் கண் என்னைக் கெஞ்சியது.

ஒரு தலையாட்டல் போதும், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஊர்ப் பகை எனக்கெதற்கு? ஆனால் என் கழுத்து அசையவில்லை. தலையாட்டினால், அந்த அம்மாவைச் சுவரில் ஒட்டியவர்களில் நானும் ஒருத்தி ஆகிவிடுவேன் என்று தோன்றியது.

"இல்ல அண்ணாச்சி. உங்க அக்கா கால்களைப் பிடிச்சுக்கிட்டாங்க. அவங்க இல்லன்னா ஆடும் இல்ல, குட்டியும் இல்ல."

"எங்களுக்கு அப்படி ஒரு ஆள் கெடையாது."

"நான் பாத்தேன், அண்ணாச்சி."

அவர் முகம் கறுத்தது. "இனிமே இந்த ஊருக்கு நீங்க வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். வெளியே வந்தேன். அந்த அம்மா தன் வாசலில் நின்றார். நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். இரண்டு கையையும் கூப்பினார்.

வர வேண்டாம் என்றால் விட முடியுமா? அடுத்த முறையும் நான்தான் போனேன். பல வீடுகளில் ஆட்டை அவிழ்க்கவில்லை. எனக்குப் பதில் சொல்லாமல் வேறு பக்கம் பார்த்தார்கள். ஒரு காலைப்பொழுது முழுக்க நானும் அங்கே இல்லாமல் போனேன். தெருவில் என் செருப்புச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. என் பெயரை நானே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு இதுதான் தினமும்.

அவர் வீட்டுக்குப் போனதும், "உங்களையுமா?" என்று கேட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம்பி மகனைப் பார்க்கப் பாளையங்கோட்டை ஜெயிலுக்குப் போனாராம். அவன் பார்க்க மாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டான். "அதுக்கென்ன, அடுத்த மாசமும் போவேன்" என்றார். கிளம்பும்போது, ரகசியம் சொல்வது போல் என் காதருகே குனிந்தார்.

"நேத்து என் தம்பி என் வாசல்ல வந்து நின்னான். நின்னு, இருமிட்டுப் போனான்."

அவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எந்தக் கல்யாண வீட்டிலும் பார்த்ததில்லை. ஆளில்லாத இடத்தில் யாராவது அப்படி நின்று இருமுவார்களா?

அவருடைய நம்பிக்கையின் ஆழம் எனக்குப் புரிந்ததாகச் சொல்ல மாட்டேன். ஆனால் இன்றும் யாரையாவது காட்டி, "அவங்கள விடுங்க, அவங்க இல்லாத மாதிரிதான்" என்று யாராவது சொன்னால் எனக்கு உள்ளங்கை சில்லிட்டுப்போகிறது, அந்த ஆளிடம் போய் ஒரு வார்த்தையாவது பேசிவிட்டுத்தான் என்னால் வீடு திரும்ப முடிகிறது.