போட்டோ பெட்டி திறக்காத மூன்று நாட்கள்

யாராவது ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டால் எனக்கு வேண்டாம் என்று சொல்ல வராது. காய்கறி வண்டிக்காரர் நாலு தடவை கேட்டால், வீட்டில் கத்தரிக்காய் இருந்தாலும் இன்னும் ஒரு கிலோ வாங்கிவிடுவேன். அந்தப் புதன்கிழமையும் அப்படித்தான் ஆனது. கம்ப்யூட்டர் மேசையைத் துடைக்கும்போதெல்லாம் திரையில் ஒரு கட்டம் வந்து, புதுசாக மாறிக்கொள்ளட்டுமா என்று பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்ததும் மூடிவிடுவார். நான் துடைக்கிற துணியோடு நின்று, பாவம் எத்தனை நாள்தான் கேட்கும் என்று நினைத்து, அது காட்டின இடத்தில் அமுக்கிவிட்டேன்.

ரொம்ப நேரம் வட்டம் சுற்றியது. கடைசியில் ஒரு பட்டியலைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டது. எனக்குப் புரியவில்லை. முதலில் இருந்ததையே அமுக்கினேன். சாயங்காலம் அவர் கடற்கரை நடை முடிந்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

"ஏன் எல்லாம் மாறியிருக்கு?"

"தானா மாறிடிச்சு போலருக்குங்க."

இதை இங்கே எழுதப் பயமில்லை. பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில் அவர் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம், பிறகு போனது பிரெஞ்சுப் பட்டாளம். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார், இரண்டு வரிக்குள் தூங்கிவிடுவார்.

மறுநாள் காலையில்தான் நான் செய்த வேலை தெரிந்தது. போட்டோ பெட்டி திறக்கவில்லை.

போட்டோ பெட்டி என்றால், ரொட்டி டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. டிவிக்குப் பக்கத்தில் விளக்கை மினுக்கிக்கொண்டு இருக்கும். பிரான்சில் இருக்கும் மகளிடம் போனபோது, கம்ப்யூட்டரோடு சேர்த்து அதையும் வாங்கி வந்தார். கம்ப்யூட்டருக்கும் பெட்டிக்கும் நடுவில் கம்பி கிடையாது. வீட்டில் ஓடுகிற இன்டர்நெட் வழியாகவே ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளும். பட்டாளத்துக் கூட்டாளிகள் வீட்டு ஆல்பங்களையெல்லாம் கடன் வாங்கி வந்து, ஒவ்வொரு போட்டோவாக ஸ்கேன் செய்து அதில் போட்டு வைத்திருந்தார். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் காப்பி குடிக்கிற சாக்கில் அவரவர் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அந்தக் கூட்டாளிகளில் ஒருவர் உழவர்கரையில் இருக்கிறார். ஒரு புயல் மழையில் அவர் வீட்டுக்குள் தண்ணீர் வந்து, ஆல்பமெல்லாம் ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டது. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்காவின் அம்மா, அக்காவுக்குக் கல்யாணமான வருஷமே இறந்துபோனார். அவர் முகம் இருந்தது அந்தக் கல்யாணப் போட்டோ ஒன்றில்தான். ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு ஐம்பதாவது கல்யாண நாள் பூசை. போன வாரம் மாதா கோயில் வாசலில் அக்கா அதைச் சொல்லி, "எங்கம்மா முகமே மறந்துடும்போல இருக்குடி" என்றார். நாலு பேர் நடுவில் வாய் திறக்காத நான் அன்றைக்குத் திறந்தேன்.

"எங்க வீட்டுப் பெட்டியில இருக்குதுக்கா. ஞாயித்துக்கிழமை பிரின்ட் போட்டு எடுத்தாறேன்."

சொன்னது நான். கம்ப்யூட்டரில் அமுக்கினதும் நான்.

வியாழக்கிழமை முழுக்க அவர் பெட்டியை நிறுத்திப் போட்டார், போட்டு நிறுத்தினார். வயரைக் கழற்றி ஊதினார்.

"பொட்டி செத்துப்போச்சுடி. எறும்பு பூந்திருக்கும். நீ சர்க்கரை டப்பாவை அங்க வச்சியா?"

"நான் எதுக்குங்க டிவிகிட்ட சர்க்கரையை வைக்கப் போறேன்?"

சாயங்காலம் மனசு கேட்காமல் டிவியில் பழைய பாட்டு ஒன்றைப் போட்டேன். பாட்டும் சினிமாவும் அந்தப் பெட்டியிலிருந்துதான் டிவிக்கு வரும். போட்டோக்கள் மட்டும் வராது. வருகிறவர்கள் ரிமோட்டை வைத்துக் குடைகிறார்கள் என்று அவர்தான் நிறுத்தி வைத்திருந்தார். பாட்டு வந்தது. பெட்டியின் விளக்கும் வேகமாக மினுங்கியது.

"என்னங்க, பொட்டி சாகல. பாடுது பாருங்க."

அவர் வந்து கொஞ்ச நேரம் நின்று பாட்டைக் கேட்டார். "ஆமா," என்றார். "அப்போ கம்ப்யூட்டர்தான் திமிரு பண்ணுது."

வெள்ளிக்கிழமை கடைக்குப் போன் செய்தார். சனிக்கிழமை காலையில் கருவடிக்குப்பத்திலிருந்து ரிப்பேர்காரர் வந்தார். ஐம்பதை நெருங்குகிற ஆள், தொப்பை, தோளில் பை. உட்கார்ந்ததும் கீபோர்டைப் பார்க்காமலே விரல்களை ஓட்டினார். திரையில் வந்ததைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"ஐயா, இந்தப் பொட்டிக்கு நீங்க பூட்டே போடலியா? யார் வேணா பேர் சொல்லாம உள்ள போற மாதிரி வச்சிருக்கீங்க."

"என் வூட்டுப் பொட்டி. எனக்கு எதுக்குப் பூட்டு?"

"பழைய கம்ப்யூட்டர் அதைக் கண்டுக்காது. புதுசா மாறினது கறாரு. பேர் கேக்காம உள்ள விடுற இடத்துக்கு நான் போக மாட்டேன்னு நிக்குது. பொட்டியில உங்களுக்கு ஒரு பேரும் பாஸ்வேர்டும் போட்டுட்டா சரியாப் போயிடும்."

"போடுங்க, அதுக்கென்ன."

"அதைப் போடறதுக்குப் பொட்டியோட மெயின் பாஸ்வேர்டு வேணும். வாங்கினப்ப வச்சிருப்பீங்களே."

என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். அது அவருடைய பட்டாளத்து நம்பர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எனக்கும் தெரியும், தெரு முக்கில் இருக்கும் இஸ்திரிக்காரருக்கும் தெரியும். ஆனாலும் ரிப்பேர்காரரை அந்தப் பக்கம் திரும்பச் சொன்னார். அந்த மனிதர் பேர் போடுகிற கட்டத்தில் 'அட்மின்' என்று அடித்துக் கொடுத்துவிட்டு, எழுந்து போய்ச் சுவரில் இருந்த மாதா காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவர் ஒற்றை விரலால் கீபோர்டையே பார்த்து நம்பரை அடித்தார். பாஸ்வேர்டு போடுகிற இடத்தில் எதை அடித்தாலும் கறுப்புப் புள்ளிதான் தெரியும்.

தப்பு என்றது. இன்னொரு தடவை. தப்பு. மூன்றாவது தடவை சத்தமாகச் சொல்லிக்கொண்டே அடித்தார். அதற்கும் தப்பு என்றது. அப்புறம், கொஞ்ச நேரம் கழித்து வா என்று கதவையே சாத்திவிட்டது.

"ஐயா, வேற ஏதாச்சும் வச்சிருப்பீங்களோ?"

"தம்பி, நான் என் பேரை மறந்தாலும் மறப்பேன். இதை மறக்க மாட்டேன்."

"இல்லாட்டி ரீசெட் பண்ணணும். பொட்டி ரொம்பப் பழசு. உள்ள இருக்கறது நிக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

என் வீட்டுக்காரர் முகம் தொங்கிவிட்டது. போட்டோ போனதைவிட நம்பர் தப்பு என்றது அவருக்குப் பெரிய அடி. எனக்கோ அக்கா முகம்தான் கண் முன்னால் வந்தது. நான் போய்க் காப்பி போட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

காப்பியோடு வந்தபோது சாத்தின கதவு மறுபடி திறந்திருந்தது. "பேரையும் நானே அடிக்கிறேன், நீங்க தப்பா அடிச்சிருப்பீங்க," என்று அவர் கீபோர்டை இழுத்துக்கொண்டார். ரிப்பேர்காரர் டம்ளரை வாங்கிக்கொண்டு மறுபடி மாதாவைப் பார்க்கப் போனார். நான் இவருக்குப் பின்னால் நின்றேன்.

நான் படித்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில், ஐந்தாம் வகுப்பு வரைக்கும். ஏ, பி, சி தெரியும். ஆனால் ஒவ்வொரு எழுத்தாக நின்று பார்த்தால்தான் எனக்கு ஓடும். அதனால் அவர் விரலையும் பார்த்தேன், திரையையும் பார்த்தேன். விரல் ஏ மேல் விழுந்தது. திரையில் வால் வைத்த வட்டம் வந்தது, க்யூ. நடுவில் எம் எழுத்தை அமுக்கினார். எழுத்தே வரவில்லை, ஒரு புள்ளியும் கீழே ஒரு கொம்பும் வந்தது.

சொல்லலாமா என்று யோசித்தேன். இரண்டு ஆம்பளைகள், ஒருவர் மெக்கானிக். வாயில் வந்து வந்து திரும்பிப் போனது. அதற்குள் அவர் விரல் நம்பருக்குப் போய்விட்டது. இன்னொரு தடவை கதவு சாத்தினால் ரீசெட்தான்.

"என்னங்க, நீங்க அமுக்கறது ஒண்ணு, அங்க வர்றது ஒண்ணு."

"சும்மா இருடி, எண்ணிக்கிட்டிருக்கேன்."

கையை நீட்டித் திரையைத் தொட்டுக் காட்டினேன். "இங்க பாருங்க. உங்க பேர்ல கொம்பு முளைச்சிருக்கு."

ரிப்பேர்காரர் திரும்பிவிட்டார். திரையைக் குனிந்து பார்த்தார், பிறகு கீபோர்டைப் பார்த்தார். அப்போதுதான் முதல் தடவையாக அதைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"ஐயா, இது பிரான்ஸ் கீபோர்டா?"

"பின்ன என்ன, நம்ம ஊரு கடையிலயா வாங்கினேன்?"

"போச்சு போங்க. இதுல எழுத்தெல்லாம் இடம் மாறியிருக்கும். கம்ப்யூட்டர் மாறினப்ப யாரோ இங்கிலீஷ்னு அமுக்கியிருக்காங்க. நான் பாக்காம அடிக்கிறவன், எனக்கு இங்கிலீஷ் சரியாப் போச்சு. நீங்க பாத்துப் பாத்து அடிச்சது பூரா வேற எதுவோ."

"நம்பருமா?"

"உங்க கீபோர்டுல நம்பர் வேணும்னா ஷிப்டைச் சேர்த்து அமுக்கணும். இங்கிலீஷ்ல ஷிப்டைச் சேர்த்தா நம்பர் வராது, ஆச்சரியக்குறியும் டாலரும்தான் வரும். நம்பர் உங்களுக்கு ஞாபகம்தான்யா, பொட்டிக்குத்தான் புரியல."

"யார் இங்கிலீஷ்னு அமுக்கியிருப்பாங்க?" என்று என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனேன்.

பிரெஞ்சுக்கு மாற்றிக்கொடுத்தார் அந்த மனிதர். இவர் நம்பரை அடித்தார். அடுக்களை வரைக்கும் கேட்டது, "வுவாலா." பிரெஞ்சில், இதோ ஆச்சு என்று அர்த்தம்.

அப்புறம் இவர் பேரில் ஒரு கணக்குத் திறந்து, பாஸ்வேர்டு போட்டு, கம்ப்யூட்டரிடம் அந்தப் பேரைச் சொன்னதும் அது ஒரு வார்த்தை பேசாமல் பெட்டிக்குள் போனது. எல்லா ஆல்பமும் இருந்தது.

"எனக்கும் ஒரு பேர் போடச் சொல்லுங்க," என்றேன்.

"உனக்கு எதுக்கு?"

"தப்பா வந்தா பாத்துச் சொல்றதுக்கு."

ரிப்பேர்காரர் சிரித்துக்கொண்டே போட்டுக்கொடுத்தார். எனக்குத் தனி பாஸ்வேர்டு. அது இஸ்திரிக்காரருக்குத் தெரியாது.

அன்று சாயங்காலமே ஸ்டுடியோவில் போட்டோவைப் பெரிதாகப் போட்டு வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் நிழலில் அக்கா கையில் கொடுத்தேன். அக்கா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுகிற வரைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை. மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை பெண், ஓரத்தில் அந்த அம்மா. கேமராவைப் பார்க்கவில்லை. கையை ஓங்கிப் பக்கவாட்டில் யாரையோ பார்த்துக்கொண்டு, வாய் பாதி திறந்திருந்தது.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அழப் போகிறார் என்று நான் முந்தானையைத் தயாராகப் பிடித்தேன்.

"எங்கப்பாவைத் திட்டுறாங்கடி," என்றார் அக்கா. "போட்டோ புடிக்கிறப்போ பந்தியில போய் உக்காந்துட்டாருன்னு. அன்னைக்குப் பூரா திட்டினாங்க."

பிறகு, அம்மா ஓங்கின கையை விரலால் தொட்டுத் தொட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.