வெள்ளி நிறத்துக்கு எட்டு வாரம்

கார் வாங்குவதென்று நாங்கள் முடிவு செய்ததற்கு ஒரே காரணம் என் மனைவியின் முதுகெலும்பு. மார்பில் தொடங்கிய நோய் அங்கே வந்து சேர்ந்திருந்தது. வியாழக்கிழமைதோறும் அவளை வலியசாலையிலிருந்து மெடிக்கல் காலேஜ் பக்கத்து மருத்துவமனைக்கு அழைத்துப் போய்த் திரும்ப அழைத்து வர வேண்டும். ஆட்டோவின் ஒவ்வொரு குலுக்கலும் அவளுக்கு வலி. வாடகைக் கார்க்காரர்கள் எங்கள் தெருமுனையைத் தாண்டி உள்ளே வரமாட்டார்கள். வண்டியைத் திருப்ப இடமில்லாததால் தெரு நெடுகப் பின்னோக்கியே ஓட்டி வெளியேற வேண்டும். தெருமுனை வரை நடக்க அவளால் முடியாது. எங்களிடம் முன்பு ஒரு கறுப்புக் கார் இருந்தது. பதினான்கு ஆண்டுகள் அதைப் பின்னோக்கி ஓட்டியே பழகியிருந்தேன். நோய் தெரிய வருவதற்கு முந்தைய ஆண்டுதான், இனி எங்கே போகப் போகிறோம் என்று அதை விற்றேன்.

விற்பனைக் கூடத்தில் எங்களைக் கவனித்த பெண்மணிக்கு நாற்பது வயதிருக்கும். நாகர்கோவில் பக்கத்துக்காரர், மலையாளம் புழங்கும் எங்கள் ஊரில் நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டதும் முகம் மலர்ந்தார். எங்களுக்கு வேண்டிய கார் கண்ணாடிச் சுவருக்கு அருகிலேயே நின்றது, பழுத்த ஜாம்பழத்தின் கருஞ்சிவப்பில். என் மனைவி கைத்தடியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையால் அதன் கதவை மெல்லத் தடவினாள்.

"இது ஸ்டாக்ல உண்டு சார். இன்னிக்கு ஒப்புப் போட்டா திங்கக்கிழமை வண்டி உங்க வீட்டு முன்னாடி நிக்கும்."

"வெள்ளி நிறத்தில்?" என்றேன்.

"சில்வருக்கு எட்டு வாரமாவது ஆகும் சார். கேட்டு எழுதணும்."

"ஏன்னா, இதையே எடுத்துக்கலாமே," என்றாள் என் மனைவி. "பாக்கவும் நன்னாத்தான் இருக்கு. வியாழக்கிழமைக்கு ஆட்டோ வேண்டாம்."

முப்பத்து மூன்று ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் நான். எதையும் விளக்காமல் மறுப்பது எனக்கு மரியாதைக் குறைவாகப்படும். ஆகவே விளக்கினேன். அடர்நிறம் எதையும் மறைக்காது. துணி தேய்த்த சுழல் கீறல்கள் வெயிலில் சிலந்தி வலைபோலத் தெரியும். நம் வீட்டுக் கிணற்று நீரில் கழுவி, துடைப்பதற்குள் வெயில் ஏறிவிட்டால் சுண்ணாம்புத் திட்டுகள் நின்றுவிடும். வெள்ளை என்றால் மழைக்காலம் முழுவதும் செம்மண். வெள்ளி நிறத்தில் உள்ள அலுமினியத் துகள்கள் ஒளியைப் பல திசைகளில் சிதறச் செய்வதால் தூசியும் கீறலும் கண்ணில் படா. சிவப்பு நிறமிகள் வெயிலில் வெளிறும். இவற்றில் ஒரு சொல்கூடத் தவறில்லை. இன்றும் யாராவது கேட்டால் இதையேதான் சொல்வேன்.

"அஞ்சு வருஷத்தில் இதைப் பார்க்கச் சகிக்காது," என்று முடித்தேன்.

"அஞ்சு வருஷமா?" என்று அவள் சிரித்தாள். அந்தப் பெண்மணியின் பக்கம் திரும்பி, "எங்காத்துல எல்லாம் நீண்ட காலத் திட்டமாக்கும், கேட்டேளா," என்றாள்.

பெண்மணிக்கு அதன் பொருள் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவளுடைய மருத்துவர் முந்தைய வாரம் என்னைத் தனியே அழைத்து, ஆறு மாதம் வரை எதிர்பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். அதை நான் அவளிடம் சொல்லவில்லை; அவள் கேட்கவும் இல்லை. விற்பனைக் கூடத்து நாற்காலியில் அமர்ந்து, ஆறு மாதத்திலிருந்து எட்டு வாரத்தைக் கழித்தேன். நான்கு மாதம் மிஞ்சியது. போதும் என்று தோன்றியது.

இதைவிடக் கீழான ஒன்றும் அந்தக் கணக்கின் அடியில் இருந்தது. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அந்தக் காரைப் பின்னாளில் யார் கழுவப் போகிறார்கள் என்று எண்ணியபோது, வாளியும் துணியுமாக வாசலில் தனியே நிற்கும் ஒரு கிழவனை நான் தெளிவாகக் கண்டேன். அவனுடைய சௌகரியத்துக்காகவே நிறத்தைத் தேர்ந்தெடுத்தேன். உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு முன்னால் அவனுக்கு இடம் கொடுத்தேன்.

படிவத்தில் கையெழுத்திட்டேன். என் மனைவி மறுபடி கேட்கவில்லை. எதையும் ஒரு முறைக்கு மேல் கேட்பது அவள் வழக்கமல்ல. நாற்பத்தோர் ஆண்டுகள் அந்த வழக்கத்தை நான் முழுக்கப் பயன்படுத்திக்கொண்டேன்.

வியாழக்கிழமைகள் வந்தன. ஆட்டோவில் அவள் நடுவில் உட்கார்ந்து, முன்னாலிருக்கும் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்வாள். கிள்ளிப்பாலம் வரை பேசுவாள். தம்பானூரைத் தாண்டியபின் பேச்சு நிற்கும். பட்டம் சந்திப்புக்கு அப்பால் கண்களை மூடிக்கொள்வாள். உதடுகள் மட்டும் அசையும். ஏதோ ஸ்லோகம் சொல்கிறாள் என்றே முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, வேகத்தடைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"சேட்டா, கொறச்சு பதுக்கெ," என்பாள் ஓட்டுநரிடம் மலையாளத்தில், கொஞ்சம் மெதுவாக என்று.

"இதிலும் பதுக்கெ போயால் வண்டி நில்க்கும், அம்மே," என்றார் ஒருவர்.

"நின்னா நல்லதாச்சே," என்றாள் அவள்.

நான்காவது வாரத்தின் புதன்கிழமை, விற்பனைக் கூடத்துப் பெண்மணி தொலைபேசியில் அழைத்தார். எனக்குச் சற்றே காது மந்தம் என்பதால் ஒலிபெருக்கியில் போட்டுப் பேசுவது வழக்கம். கட்டிலில் கிடந்த என் மனைவிக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"சார், மேடத்துக்கு ஆஸ்பத்திரி போக வண்டி வேணும்னு அன்னிக்குச் சொன்னீங்கல்லா. அந்த மெரூன் இப்பவும் இங்கதான் நிக்கி. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா நான் மாத்தி எழுதிருவேன். நாளை கழிஞ்சு எடுத்துக்கிடலாம்."

நான் கட்டிலைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரின்னு சொல்லுங்கோளேன்," என்றாள்.

அவள் ஒன்றை இரண்டாம் முறை கேட்டது என் நினைவில் அந்த ஒரு தடவைதான்.

"பாதி நாள் போயாச்சு," என்றேன். "இன்னும் நாலே வாரம். இப்போ மாத்தறதில் அர்த்தமில்லை." பிறகு தொலைபேசியை நோக்கி, நிறத்தை மாற்ற வேண்டியதில்லை என்று தெளிவான உச்சரிப்பில் சொன்னேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு, "பரவால்லை. உங்களுக்குத் துடைக்க எளுப்பமா இருக்கணுமே," என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

ஏழாவது வாரத்தில் அவள் இறந்தாள். மருத்துவரின் ஆறு மாதம் ஒரு மதிப்பீடு மட்டுமே; அளவீட்டுப் பிழையைப் பற்றி ஆண்டுதோறும் வகுப்பெடுத்தவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கடைசி வியாழக்கிழமை, பட்டத்தைத் தாண்டி உள்ளூர் என்ற இடத்துக்கு அருகில் தோண்டி மூடிய சாலை ஒன்றில் ஆட்டோ ஏறி இறங்கியபோது அவள் என் முழங்கையைப் பற்றினாள். நகம் பதிந்த தடம் நான்கு நாள் இருந்தது. அதன் பிறகு அவளை எங்கும் அழைத்துப் போக வேண்டியிருக்கவில்லை.

கார் வந்துவிட்டதென்ற செய்தி ஐந்தாம் நாள் வந்தது. அப்போது கூடத்தில் என் மைத்துனர் உட்கார்ந்திருந்தார், அவளுடைய தம்பி. செய்தியைக் கேட்டுவிட்டுக் கைகளைத் தொடையில் துடைத்துக்கொண்டார்.

"வருஷம் முடியற வரைக்கும் புது வண்டி எடுக்கப்படாது, அத்திம்பேர். பூஜை போட முடியாது, கோவிலுக்குக் கொண்டுபோக முடியாது. எலுமிச்சம்பழம்கூட வைக்கப்படாது."

"எடுக்காவிட்டால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்."

"கொடுக்கட்டுமே. இனிமே யாரை ஏத்திண்டு போகப் போறேள்?" என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அக்கா எங்கிட்டே சொன்னாள், அந்தச் செவப்பு வண்டியை. வேற ஒண்ணும் சொல்லலை. பாக்க நன்னா இருந்துதுன்னு மட்டும் சொன்னாள்."

நான் வண்டியை எடுத்தேன். ஏன் என்று அவர் பிறகு பலமுறை கேட்டார். ஒரு முடிவை நியாயப்படுத்த அவ்வளவு பாடுபட்டவன் அதைக் கைவிட்டால் அந்த ஏழு வாரங்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பதினான்காம் நாள் காலை விற்பனைக் கூடத்துக்குப் போனேன். வெள்ளி நிறக் காரின் மேல் சிவப்புப் பட்டுத்துணி போர்த்தி, முன்பக்கம் நாடாவில் பெரிய பூ முடிந்திருந்தார்கள். ஒரு தட்டில் லட்டுகள். அந்தப் பெண்மணி என் மழித்த தலையைப் பார்த்துக் கைகூப்பினார்.

"பழனிக்குப் போயிட்டு நேரா வாறீங்களா சார்? வண்டி நல்லபடியா வரணும்னு நேர்ச்சையா?"

அவர் கேட்டதில் அன்பைத் தவிர வேறெதுவும் இல்லை. உண்மையைச் சொன்னால் அந்த முகம் எப்படி மாறும், யார் யாரெல்லாம் ஓடிவருவார்கள், லட்டுத் தட்டை எங்கே ஒளிப்பார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது.

"ஆமாம்," என்றேன்.

"மேடத்தையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே. ஃபோட்டோ எடுக்கணும்லா."

"அவளால் வர முடியவில்லை."

"பரவாயில்ல. இனி வியாழக்கிழமை சுகமாப் போகலாம். மேடத்துக்கிட்டே நான் கேட்டேன்னு சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். துணியை விலக்கும்படி சொன்னார்கள், விலக்கினேன். புகைப்படத்துக்கு நிற்கச் சொன்னார்கள், நின்றேன். ஒரு தாளில், கேட்ட நிறமே கிடைத்ததா என்ற கேள்விக்கு எதிரே ஆம் என்று குறித்தேன்.

அடுத்த வாரம் அந்தக் காரை முதன்முறையாக ஒரு வேலைக்கு எடுத்தேன். மருத்துவமனையின் வலி நிவாரணப் பிரிவினர் கடைசி நாட்களில் அவளுக்காக இரவல் கொடுத்திருந்த சக்கர நாற்காலி கூடத்தில் இருந்தது. இன்னொரு நோயாளி காத்திருக்கிறார், திருப்பித் தர இயலுமா என்று கேட்டிருந்தார்கள். அதை மடித்துப் பின்னிருக்கையில் நிறுத்தி வைத்தேன். கட்டுவதற்குக் கயிறு தேடிக் கிடைக்காததால், வழியில் சரிந்துவிடும் என்று எதிர்பார்த்து மெதுவாகவே ஓட்டினேன்.

கிள்ளிப்பாலம், தம்பானூர், பாளையம், பட்டம். வேகத்தடைகளை எண்ணினேன், மொத்தம் பத்தொன்பது. ஒவ்வொன்றிலும் கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்துக்கொண்டேன். உள்ளூரில் தோண்டி மூடிய இடம் அப்படியே இருந்தது. அதன்மேலும் ஏறி இறங்கினேன்.

நாற்காலி அசையவில்லை.