முதுகு இல்லாத படம்

மருத்துவ முகாமில் கொடுத்த படிவத்தை மதினி என் முன்னால் விரித்தபோதுதான் உறைத்தது: நான் வரைந்த மனிதனுக்கு முதுகே இல்லை. தொப்புளுக்குச் சற்றுக் கீழே, வலி உள்ள இடம் என்று மதினி வைத்த புள்ளி. ஓரத்தில் டாக்டர் எழுதிய வயிற்றுப்புண் மாத்திரை. தீபாவளி சீசன் முழுக்க ஒரு வேளை தவறாமல் அதை விழுங்கியிருக்கிறார்.

திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் வடிவமைப்பாளன் நான். சேர்ந்த புதிதில், மதினி வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியிலிருந்து இந்தப் படிவத்துக்கு ஆர்டர் வந்தது. மாதிரியில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு உருவங்கள். ஒன்றைத் தூக்கிவிட்டால் தாளுக்கு நான்கு படிவம் அடங்கும் இடத்தில் எட்டு அடங்கும் என்று கண்டுபிடித்தவன் நான்தான். "ஏலே, படிச்ச பய வேலையக் காட்டிட்டான்லே" என்று முதலாளி அண்ணாச்சி தட்டிக் கொடுத்தார். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மதினிக்குக் குழாய் சுற்றும் வேலை. ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, பலகைமேல் குனிந்து, பசை தடவிய காகிதத்தைக் கம்பியில் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காலையில் பிடரி பிடிக்கும், சாப்பாட்டுக்குப் பின் விலாவோரம் அல்லை குத்தும், பொழுது சாயும்போது இடுப்புக்குப் பின்னால் குறுக்கு விட்டுப்போகும் என்பார். நேரத்துக்கு ஓர் இடம், இடத்துக்கு ஒரு பெயர். அப்படிப்பட்டவர் வயிற்றில் ஏன் புள்ளி வைத்தார்?

"குறுக்குதான் வலிக்கு. படத்துல பின்பக்கம் இல்ல. அதுக்கு நேரா முன்னால வச்சேன், டாக்டருக்குத் தெரியாதாக்கும்னு."

"வாயால சொல்லியிருக்கலாம்ல மதினி?"

"அவரு தாளப் பாத்தே எழுதுனாரு. பின்னாடி அம்புட்டு கூட்டம். படிச்சவுக போட்ட படம், அதுல இல்லாத எடத்துல வலிக்குன்னு எப்படிச் சொல்ல?"

வரைந்தது நான்தான் என்றேன். மதினி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அதான் பாத்தேன் கொழுந்தனாரே. ஒங்கள மாதிரியே நரங்கலா, சதையே இல்லாம இருந்துச்சு."

அந்தச் சிரிப்பு என்னை விடவில்லை. தீபாவளி முடிந்து, அண்ணனும் நானும் மதினியை மதுரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார்கள். அன்றைக்கு நாளெல்லாம் குனிந்திருந்தவரால் இன்று ஒரு வாய் காபி குடிக்கும் நேரம்கூட உட்கார முடியவில்லை. மறுபடி வேலைக்குப் போக முடியுமா என்று தினமும் அண்ணனைக் கேட்கிறார். அண்ணன் என்னைப் பார்க்கிறார்.

இப்போது அதே கம்பெனி அடுத்த முகாமுக்குப் படிவம் கேட்டிருக்கிறது. இம்முறை நிற்கும் மனிதனை வரையவில்லை. ஒரு காலை நீட்டிக் குனிந்து உட்கார்ந்திருக்கும் உருவம், முன்னாலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று. பிடரி, அல்லை, குறுக்கு என்று மதினியின் சொற்களையே எழுதியிருக்கிறேன். "ஏலே, தாளு கூடுமே" என்று அண்ணாச்சி முகம் சுளித்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. நாளைக் காலை, அச்சுக்குப் போகுமுன், குப்புறப் படுத்திருக்கும் மதினியிடம் கொண்டுபோய்க் காட்டி, இன்னும் எந்த இடம் விட்டுப்போயிருக்கிறது என்று கேட்க வேண்டும்.