கிணற்றில் விட்ட ஜப்பான் மீன்கள்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண்வீட்டுக்கு வந்து சேர்வார். ஆகவே ராத்தாவுக்குக் கலியாணம் என்றதும் எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள்: "உன்ட ராத்தா எங்கயும் போகமாட்டா." அவர்கள் சொன்னது பொய்யில்லை. அவள் அடுத்த அறைக்குத்தான் போனாள். எட்டு வயதுவரை அக்காவின் கையைத் தலைக்கு வைத்துப் படுத்த எனக்கு அது கொழும்புக்குப் போனது மாதிரித்தான். எனக்கென்று ஒரு புதுத் தலகணி வாங்கித் தந்தார்கள். அதை எனக்குப் பிடிக்கவேயில்லை.

அந்த நாட்களில் நான் கிணற்றடியிலேயே கிடந்தேன். கிணற்றுக்குள் ஒரு விரால் இருந்தது. கிணறு வெட்டிய வருஷம் வாப்பா வயல் வாய்க்காலில் பிடித்து வந்து அதை விட்டிருந்தார். நான் கிணற்றுக் கட்டின் மேல் வயிற்றை அழுத்திக் குனிந்து ஏதாவது சொன்னால், கொஞ்ச நேரத்தில் அது மேலே வந்து 'பொளக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போகும். எனக்குப் பதில் சொல்கிறது என்று நம்பினேன். விரால் காற்றை உறிஞ்சத்தான் அப்படி மேலே வரும் என்று பின்னாளில் பாடசாலையில் படித்தபோது எனக்குச் சப்பென்று போய்விட்டது.

ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான், இறக்காமத்துக் குளத்துப் பக்கத்து ஆள். நாங்கள் கல்முனைக் கடற்கரை ஆட்கள். கடல்மீனைத் தவிர வேறொன்றை மீனென்று ஒத்துக்கொள்ளாத வீடு எங்களுடையது. குளத்து மீன் என்றால் உம்மா மூக்கைச் சுளிப்பார், சேற்று வாடையாம். இது தெரியாமல் மச்சான் ஊருக்குப் போய் வரும்போது ஒரு பெரிய பிளாஸ்டிக் கேனில் உயிரோடு ஜப்பான் மீன் என்கிற குளத்து மீன்களைக் கொண்டு வந்தார். மோட்டார் சைக்கிளில் அவ்வளவு தூரம் தண்ணீர் தளும்பத் தளும்ப. உம்மா அதில் கத்தி வைக்க மாட்டேன் என்றுவிட்டார். மச்சான் கேனைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். பிறகு எல்லாவற்றையும் கிணற்றில் விட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அது வெளிநாட்டு மீன், மச்சான். டீச்சர் சொன்னவ" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நான் பொறக்கக்குள்ளயே எங்கட குளத்தில இரிந்த மீன் தங்கச்சி இது. விரால், சுங்கான், கெளுத்தி எல்லாம் இதோடதான் கிடந்து சீவிக்கிது. இது பிறத்தி எண்டு எனக்கு ஆரும் சொல்லல்ல."

டீச்சர் சொன்னதும் சரி, மச்சான் சொன்னதும் சரி. அந்த மீனுக்கும் ஜப்பானுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்து கல்லோயாக் குளங்களிலெல்லாம் விட்டது. வந்த இடத்தில் குடும்பம் பெருக்க அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எங்கள் கிணற்றிலும் பெருகியது. தண்ணீர் பச்சையாகி நாற்றம் எடுத்தது. விரால் மேலே வருவது நின்றுபோனது. நான் கட்டின் மேல் குனிந்து எவ்வளவு கூப்பிட்டும் 'பொளக்' என்ற சத்தம் வரவில்லை. எனக்கென்று இருந்த ஒன்றையும் அந்த மனிசன் பறித்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பம்பு வைத்துக் கிணற்றை இறைத்தார்கள். மச்சானே உள்ளே இறங்கினார். ஜப்பான் மீன்கள் வாளி வாளியாக மேலே வந்தன. விராலைக் காணவில்லை. நான் அழுதேன். மச்சான் சேற்றுக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினார். ஜும்மாத் தொழுகைக்கு நேரமாகிறது என்று ராத்தா மேலிருந்து கூப்பிட்டாள். அவர் வரவில்லை. கடைசியில் கிணற்றின் சிமெந்துக் கொட்டு வளையத்துக்கு அடியில் இருந்த பொந்திலிருந்து அதை இழுத்தெடுத்தார். கொழுத்துப்போய் இருந்தது. ஜப்பான் குஞ்சுகளைத் தின்று பகல் முழுக்க நித்திரை கொண்டிருக்கிறது, கள்ளன்! மச்சான் அதைச் சாரனில் சுற்றிக்கொண்டு மேலே வந்து, சேறு வழிய வழிய என்னிடம் நீட்டிச் சிரித்தார். அவர் எங்கள் வீட்டில் பல்லுத் தெரியச் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

உம்மா மச்சானோடு நேரே கதைப்பதில்லை. மருமகன் முன்னால் மாமி வராமலிருப்பது எங்கள் வீட்டு மரியாதை. கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் சொல்வார். அது மச்சான் காதிலும் விழும். ஆனாலும் நான் போய்ச் சொன்ன பிறகுதான் அவர் அசைவார். அன்றைக்கும் குசினிக் கதவுக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது: "மச்சானிட்டச் சொல்லு மகள். ஜும்மாவும் போச்சு, கிணறும் நாசம். கொண்டுவந்த ஊருக்கே அதுகளக் கொண்டுபோய் உடட்டுமாம். கடக்கரை வீட்டில இரிக்கிறதெண்டா கடக்கரை ஆக்களப் போல இரிக்கப் பழகட்டுமாம்."

நான் ஒரு சொல்லும் விடாமல் போய்ச் சொன்னேன்.

"மாமியா சொன்னா?"

"ஓம்."

அவர் குளித்தார். உடுப்பு மாற்றினார். உயிரோடு கிடந்த ஜப்பான் மீன்களைப் பொறுக்கிக் கேனில் போட்டார். ராத்தா வாசல்வரை போனாள். அவர் அவளிடம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

அன்று அவர் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பிறகொரு நாள் வந்தார்தான். இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். ஆனால் அவர் வராத நாட்களில் உம்மா பகலில் பாரைமீன் பொரித்து அவருடைய சோற்றுக் கோப்பையில் வைத்து மூடுவதும், பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அதைப் பூனைக்குப் போடுவதுமாக இருந்தார். யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

எனக்கு அது பெருநாள். ஒரு பகல், சாப்பிட்ட பிறகு, ராத்தா தன் அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். "இஞ்ச வந்து என்னோட படு."

ஓடிப்போய் அவளுடைய கையில் தலையை வைத்தேன். மற்றக் கையில் போனை இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் விராலின் கதையைத் தொடங்கினேன்: அது பொந்துக்குள் ஒளிந்தது, ஜப்பான் குஞ்சுகளைத் தின்றது, கிணற்றில் திரும்ப விட்ட பிறகு நான் கூப்பிட்டதும் மறுபடியும் மேலே வரத் தொடங்கியிருப்பது. அவள் முகட்டைப் பார்த்தபடி "ஓம்" என்றாள். இன்னும் கொஞ்சம் சொன்னேன். "ஓம்" என்றாள். இடையில் போன் ஒருமுறை சத்தம் போட்டது. துள்ளி எழும்பிப் பார்த்துவிட்டு, ஏதோ விளம்பரமாம், திரும்பப் படுத்தாள்.

என் ராத்தா எனக்கே திரும்பக் கிடைத்துவிட்டாள் என்று அவ்வளவு சந்தோசம். முடிந்த கதையை முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னேன். அதற்கும் அவள் "ஓம், ஓம்" என்றுகொண்டே இருந்தாள். கதை அவளுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.