பொட்டில்லாத டிஸ்க்

சரிதா என்ற பெயரை ராணியம்மாள் முதலில் கேட்டது புளியமரத்தடியில். கிளை உலுக்கிக்கொண்டிருந்த தங்கை மகன் கலையரசன் மேலிருந்தே சொன்னான்: “பெரிம்மா, பேரு சரிதா, கண்ணமங்கலத்துப் பொண்ணு. மலைக்கு வர்றேன்னுடுச்சி.”

“சாமைக் களி துன்னுமா?”

“கட்டிக்கினு அப்புறம் கேக்கறேன்.”

வந்தவள் களியும் தின்றாள், புருஷனோடு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் கடையும் போட்டாள். மூன்றாம் வருஷம் காமாலை அவனைக் கொண்டுபோயிற்று. பிள்ளையில்லை. தாய்வீட்டார் கூப்பிட்டும் அவள் மலையை விட்டு இறங்கவில்லை. சர்டிபிகேட்டுக்கு வருகிறவர்களுக்காக அவன் பேசிவைத்த குரல் கடையின் கம்ப்யூட்டர் மிஷினில் இருந்தது. காலையில் கடை திறந்ததும், ஆள் வராவிட்டாலும், அதை ஓடவிடுவாள்.

போன மாதம் மிஷினுக்குள் கரகரவென்று சத்தம். மிஷின் ரிப்பேர் பார்க்கும் ஒடுகத்தூர் ரமேஷ் போனில் சொன்னான்: “உள்ள ரெண்டு டிஸ்க் இருக்கு அண்ணி. பழசு கத்துது. ஊரார் ஆதாரெல்லாம் கெடக்கு, அழிச்சிட்டுக் கழட்டுங்க.”

திறந்து பார்த்தால் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. ஒன்றில் குங்குமப் பொட்டு. ஆயுத பூஜைக்குப் புது டிஸ்க் வாங்கி, பழையதிலிருந்ததை அப்படியே நகலெடுத்து, கலையரசன் வைத்த பொட்டு. குரலைப் பதிந்தது அதற்கப்புறம். மிஷின் எதிலிருந்து ஓடியதோ, குரல் அதில் மட்டும்தான்.

“புதுசுக்குத்தான பொட்டு வெப்பாங்க, அத்தை? பொட்டில்லாதத அழிச்சிடறேன்.”

பக்கத்தில் நின்ற ராணியம்மாளும் தலையாட்டினாள். ஆனால் சரிதாவின் விரல் நின்றுவிட்டது. திரும்ப ரமேஷுக்குப் போன் போட்டாள்.

“பொட்டை இன்னாத்துக்குப் பாக்கறீங்க? மிஷினையே கேளுங்க. லினக்ஸ்ல ‘எல்எஸ்பிஎல்கே’ன்னு அடிச்சா டிஸ்க் பேரெல்லாம் வரும். எதுக்கு நேரா ஒத்தைச் சாய்கோடு இருக்கோ, அதுலேர்ந்துதான் ஓடுது. அதோட சீரியல் நம்பரும் கேட்டு, டிஸ்க் மேல ஒட்டியிருக்கறதோட சரிபாருங்க.”

அடித்தாள். கேட்டாள். “அத்தை, கடைசியில ஏழு நாலு ஒண்ணு ஒம்பது. எதுல இருக்கு?”

ராணியம்மாளுக்கு எழுத்து வராது. பஸ் நம்பர் பார்த்துப் பழகிய கண். குனிந்து பார்த்தாள்.

“பொட்டில்லாததுலடி.”

“நல்லாப் பாருங்க!”

“ரெண்டு தரம் பாத்துட்டேன். பொட்டு வெச்சவன் மிஷினைப் புதுசுக்கு மாத்தாமயே வுட்டிருக்கான். சோம்பேறிப் பையன்!”

சரிதா சிரித்தாள். பிறகு குரலை ஓடவிட்டாள். “ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ ரெண்டு. இல்லாதவங்க வூட்டுக்குப் போய்ட்டு வாங்க.”

அன்றே அதைப் புது டிஸ்க்குக்கு நகலெடுத்து, மிஷினை அதிலிருந்தே ஓடும்படி மாற்றினாள். பழையதை மட்டும் அழிக்கவில்லை. துணியில் சுற்றி வைத்துக்கொண்டாள்.

சரிதா இப்போது பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அதே கடையில்தான் இருக்கிறாள், தனியாக.